ஒரு பக்கத்தில் எத்தனை கைகள்: உதுமானிய வனப்பெழுத்தும் ஆல்பக் கலையும்

இஸ்தான்புலிலிருந்து ஆண்ட உதுமானியப் பேரரசின் வனப்பெழுத்துப் பக்கம் ஒன்றை, அதாவது அரபு எழுத்தை அழகுக்கலையாக எழுதிய தாள் ஒன்றை, இணையத்தில் தேடி எடுத்தால், படத்துக்குக் கீழே பெரும்பாலும் எழுதிய ஆசானின் பெயர் மட்டும்தான் போட்டிருக்கும். ஷெய்கு ஹம்துல்லாஹ், இல்லையென்றால் ஹாபிஸ் உஸ்மான், கூடவே ஒரு ஆண்டு. எழுத்தைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் பக்கம் முழுக்க அவர் கை இல்லை. எழுத்து 1500-களில் எழுதியதாக இருக்கும், அதைச் சுற்றியுள்ள தங்கவேலை இருநூறு வருஷம் கழித்து வேறொருவர் செய்ததாக இருக்கும், வெளி ஓரத்தில் ஒட்டியிருக்கிற மேகம் மேகமான வண்ணக் காகிதம் அதற்கும் பிறகு வந்ததாக இருக்கும், இதையெல்லாம் ஒரே அட்டையில் சேர்த்து ஒட்டியவரின் பெயர் பல நேரம் யாருக்குமே தெரியாது. அதனால் இந்தக் கலையைப் புரிந்துகொள்ள எழுதியவரை மட்டும் பின்தொடர்வது போதாது, இப்படி ஒட்டிய பக்கங்களைச் சேர்த்துக் கட்டிய ஆல்பத்தைப் பின்தொடர வேண்டும் என்பது என் எண்ணம். எழுத்தைப் பாதுகாத்தது, பரப்பியது, மாணவனுக்குச் சொல்லிக்கொடுத்தது, கடைசியில் துருக்கியில் அந்த அரபு எழுத்தே சட்டப்படி வழக்கொழிந்த பிறகும் கலையைத் தாங்கிப் பிடித்தது, எல்லாம் அந்த ஒட்டுப்போட்ட அட்டைகள்தான்.

முதலில் பக்கத்தையே பார்ப்போம். துருக்கியர்கள் இதைக் கித்ஆ என்பார்கள். இரண்டு கைகளில் ஏந்திப் பார்க்கிற அளவுதான் இருக்கும். மேலே ஒரே ஒரு வரி, பெரிய எழுத்தில். இது துலுத் வகை. வளைவுகள் தாராளமாக இருக்கும், நிமிர்ந்த எழுத்துகள் உயரமாக நிற்கும், ஒன்றின் வால் இன்னொன்றின் வயிற்றுக்குள் போய் உட்காரும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் நாலைந்து வரிகள். இது நஸ்க், படிப்பதற்கு வசதியான எழுத்து, குர்ஆன் பிரதிகள் பெரும்பாலும் இதில்தான் எழுதப்பட்டன. துலுத் எழுதுகிற நாணல் பேனாவின் நுனி ஏறக்குறைய 2 மி.மீ-க்கு மேல் அகலம் என்றால், நஸ்க் பேனா 1 மி.மீ-க்குப் பக்கத்தில் இருக்கும். ஒரே பக்கத்தில் இந்த இரண்டையும் வைக்கும்போது பெரியது சின்னதை அமுக்கிவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் சாமர்த்தியம். அதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது: சின்ன எழுத்து வரிகளின் நீளத்தைக் குறைத்துவிட்டார்கள். அதனால் இரு பக்கமும் இரண்டு கட்டங்கள் காலியாகக் கிடைத்தன. கோல்துக் என்று பெயர். அந்தக் கட்டங்களில் தங்கப் பூவேலை வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது எழுத்து நடுவில் நெருக்கமாகவும், ஓரங்களில் ஒளியாகவும், மேலே அந்த ஒற்றை வரி கூரை மாதிரி விரிந்தும் இருக்கும். பாரசீகத்திலிருந்து வந்த நஸ்தலீக் எழுத்துக்கு வேறு ஏற்பாடு. அதை உதுமானியர் தாலிக் என்றே சொல்வார்கள். அங்கே பக்கம் நெட்டுக்குத்தாக நிற்கும், கவிதை வரிகள் சாய்வாக ஏறும், மூலைகளில் விழுகிற முக்கோணங்கள் பூவேலைக்கு.

எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் நபிமொழி, இல்லையென்றால் பிரார்த்தனை, சில நேரம் கவிதை. சில பக்கங்களில் வாக்கியம் பாதியில் நின்றுவிடும். இதைப் பிழை என்று நினைத்துவிடக் கூடாது. மீதி அடுத்த பக்கத்தில் இருந்தது. அதாவது அது தனிப்பக்கமாகப் பிறக்கவில்லை, ஒரு வரிசையின் நடுவில் பிறந்தது.

அந்த வரிசைக்குத்தான் முரக்கா என்று பெயர், நம் கணக்கில் ஆல்பம். பக்கங்களை ஒன்றோடொன்று ஓரத்தில் இணைத்து, துருத்தி மாதிரி மடித்து விரிக்கும்படி செய்வது ஒரு வகை. எல்லாவற்றையும் தரையில் நீளமாக விரித்துவிடலாம். சாதாரணப் புத்தகம் மாதிரிக் கட்டுவது இன்னொரு வகை.

சரி, ஆல்பம் உதுமானியர் தொடங்கி வைத்ததா? இல்லை. 15-ஆம் நூற்றாண்டில் இன்றைய ஆப்கானிஸ்தானின் ஹெராத்திலும் ஈரானின் தப்ரீஸிலும் தைமூரிய, துருக்மேன் அரசவைகளில் பழைய ஆசான்களின் எழுத்துத் துண்டுகள், ஓவியங்கள், வரைவுகள் ஆகியவற்றைச் சேகரித்து ஒட்டி வைக்கிற பழக்கம் வேரூன்றிவிட்டது. பிறகு ஈரானை ஆண்ட சபாவிய அரசர் தஹ்மாஸ்பின் தம்பி பஹ்ராம் மிர்சாவுக்காக தோஸ்த் முஹம்மது என்பவர் 1544-45 வாக்கில் தொகுத்த ஆல்பம் இருக்கிறது. அதன் முன்னுரையில் எழுத்தின் வரலாற்றையும் ஓவியத்தின் வரலாற்றையும் ஆசான், மாணவன் என்று சங்கிலியாக எழுதிவைத்தார். அந்த ஆல்பம் இன்று இருப்பது இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில். பாரசீக அரசவைப் பொக்கிஷங்கள் பரிசாகவும், போரில் கிடைத்த பொருளாகவும் இஸ்தான்புலுக்கு நிறைய வந்து சேர்ந்தன. வந்தவற்றைப் பார்த்து இவர்களும் செய்ய ஆரம்பித்தார்கள். மூன்றாம் முராத் சுல்தான் ஆவதற்கு முன்பே, 1572-73-இல், அவருக்காகத் தொகுக்கப்பட்ட ஆல்பம் இப்போது வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1603 முதல் 1617 வரை ஆண்ட முதலாம் அஹ்மதுக்கு ஒரு ஆல்பம் செய்தவர் கலெந்தர். இவர் காகிதத்தோடு காகிதத்தை ஒட்டுத் தெரியாமல் இணைப்பதில் பெயர் வாங்கியவர், உதுமானிய அரசில் பெரிய பதவியிலும் இருந்தவர். வெவ்வேறு அளவில் வந்து சேர்ந்த துண்டுகளை ஒரே பக்கத்தில் பொருந்தும்படி எப்படி வெட்டி, அளந்து, இணைப்பது என்பதே தனிக்கலை என்று அந்த ஆல்பத்தின் முன்னுரையில் பேசுகிறார். இந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எழுதியவரும் வரைந்தவரும் இறந்துபோன பிறகு வருகிற ஒருவர், தன் வேலையும் கலைதான் என்று சுல்தானுக்கே எழுதிச் சொல்கிறார்.

பாரசீக ஆல்பங்களில் ஓவியமும் எழுத்தும் கலந்து கிடக்கும். உதுமானியர் போகப்போக எழுத்துக்கு மட்டுமான ஆல்பத்தைத் தனியாக வளர்த்தெடுத்தார்கள். அதற்குக் காரணமான மனிதர் ஷெய்கு ஹம்துல்லாஹ்.

துருக்கியின் அமாஸ்யா ஊர்க்காரர். அங்கே ஆளுநராக இருந்த இளவரசர் பாயெஸீதுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார். 1481-இல் அந்த இளவரசர் இரண்டாம் பாயெஸீத் என்ற பெயரில் சுல்தான் ஆனதும் ஆசானை இஸ்தான்புலுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அதுவரை எழுத்தில் கடைசிச் சொல் யாகூத் அல்-முஸ்தஃசிமி, பாக்தாதில் கடைசி அப்பாசிய கலீபாவின் அவையில் இருந்து 1298-இல் இறந்தவர். துலுத், நஸ்க் உள்ளிட்ட ஆறு வகை எழுத்துப் பாணிகளுக்கும் அவர் வைத்ததே அளவு. சுல்தான் தன் கருவூலத்திலிருந்த யாகூத்தின் பக்கங்களை எடுத்து ஹம்துல்லாஹ் கையில் கொடுத்து, இதிலிருந்து புதிதாக ஒரு பாணி கிடைக்குமா பாருங்கள் என்றார் என்று சொல்வார்கள். ஹம்துல்லாஹ் தனிமையில் போய் உட்கார்ந்தார். யாகூத் எழுதிய ஆயிரக்கணக்கான எழுத்துகளில் எது நன்றாக விழுந்திருக்கிறது என்று பொறுக்கிப் பொறுக்கி எடுத்து, அதையே வழக்கமாக்கினார். ஏற்கெனவே இருந்ததில் தேர்வு செய்ததுதான் அவர் செய்த புதுமை. யோசித்துப் பார்த்தால் இதுவே ஆல்பம் தொகுக்கிறவரின் வேலை, எழுத்துக்குள் நடந்திருக்கிறது.

அவர் எழுதும்போது சுல்தான் மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு உட்காருவாராம், முதுகுக்குத் தலையணை எடுத்து வைப்பாராம். ஹம்துல்லாஹ் வில்வித்தையிலும் பெரிய ஆள், இஸ்தான்புலின் ஒக்மெய்தானி வில்லாளர் மடத்துக்குத் தலைவராக இருந்தவர். 1520-இல் இறந்தார், உஸ்குதாரில் கராஜா அஹ்மத் அடக்கத்தலத்தில் இருக்கிறார். பின்னால் வந்த எழுத்தர்களில் பலர் அவர் பக்கத்தில் அடங்க ஆசைப்பட்டார்கள். அவருக்குப் பிறகு ஆறு வகைகளில் முஹக்கக்கும் ரைஹானியும் மெல்ல மங்கின, துலுத்தும் நஸ்கும் ஜோடியாக மேலே வந்தன. கித்ஆவில் இந்த இரண்டும் சேர்ந்தே வருவதன் பின்னணி இதுதான். அதே காலத்தை ஒட்டி அஹ்மத் கராஹிஸாரி என்பவர் யாகூத்தின் பழைய வழியிலேயே போய் அசாத்தியமாக எழுதினார், 1556-இல் இறந்தார். பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் ஓடுகிற மாதிரி அவர் எழுதிய பிஸ்மில்லாஹ் இன்றும் பார்க்கிறவரை நிறுத்தி வைக்கும். ஆனால் அவருடைய பாணி ஒரு தலைமுறை தாண்டி ஓங்கவில்லை. திறமை குறைவென்று யாரும் சொல்ல முடியாது. பின்தொடர்ந்து எழுதிய மாணவர் கூட்டம் ஹம்துல்லாஹ் பக்கம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

இனி காகிதம். இதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது.

வாங்கிய காகிதத்தில் அப்படியே எழுத மாட்டார்கள். வெள்ளைக் காகிதம் கண்ணைக் கூசும் என்பதால் தேயிலைச்சாறு மாதிரியான இயற்கைச் சாயங்களில் தோய்த்து மங்கலான நிறம் ஏற்றுவார்கள். அப்புறம் மாவுக் கஞ்சி, அல்லது முட்டை வெள்ளைக்கருவைப் படிகாரம் போட்டு அடித்துத் தெளியவைத்த கலவை, மேலே பூசிக் காயவைப்பார்கள். இந்தப் பூச்சுக்கு அஹர் என்று பெயர். பிறகு வழவழப்பான கல் அல்லது கண்ணாடி பதித்த கருவியால் பலகை மேல் வைத்துத் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றுவார்கள். அதோடு முடியவில்லை, குறைந்தது ஒரு வருஷமாவது காகிதத்தை ஆறப்போட வேண்டும். அவசரப்பட்டால் பூச்சு வெடித்து உதிரும். இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் உண்டு. மை காகிதத்துக்குள் இறங்காமல் பூச்சின் மேலேயே நிற்கும். பேனா வழுக்கிக்கொண்டு ஓடும். தவறு வந்தால் ஈரத்தால் துடைத்தெடுத்துவிடலாம், ஓரம் பிசிறாக இருந்தால் கத்தி முனையால் சுரண்டி நேராக்கலாம். நாம் பார்க்கிற அந்தக் கூர்மையான விளிம்புகள் எல்லாமே ஒரே இழுப்பில் வந்தவை என்று நினைக்க வேண்டாம், பெரிய எழுத்துகளில் திருத்தமும் வேலையின் ஒரு பகுதி.

மை கரியிலிருந்து வருவது. ஆளிவிதை எண்ணெய் மாதிரி ஏதாவது ஒன்றை எரித்து, புகைக்கரியைச் சேர்த்து, வேலம்பிசினோடு நாள்கணக்கில் இடிப்பார்கள். சுலைமானியா பள்ளிவாசலில் ஆயிரக்கணக்கான எண்ணெய் விளக்குகளின் புகை, கட்டடத்தின் காற்றோட்ட அமைப்பால் வாசல் பக்கத்து அறைக்கு இழுக்கப்பட்டு, அங்கே படிந்த கரி மை செய்யப் போனது என்பது இஸ்தான்புலில் எல்லோரும் சொல்கிற செய்தி. மைக்கூட்டுக்குள் கொஞ்சம் கச்சாப் பட்டு நூலைப் போட்டு வைப்பார்கள், பேனா அதில் தொட்டு எடுப்பதால் மை அளவாகவே ஏறும், நுனியும் கூட்டின் அடியில் இடித்து மழுங்காது. வரி நேராக வர, அட்டையில் நூல்களை இழுத்துக் கட்டி, அதன் மேல் காகிதத்தை வைத்து விரலால் அழுத்தினால் கோடு பதிந்துவிடும். மசி தேவையில்லை, பிறகு அழிக்கவும் வேண்டாம். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் சில பழைய பக்கங்களில் அந்தத் தடம் இன்னும் தெரியும்.

எழுதி முடித்த காகிதம் இப்படித்தான் ஆல்பக்காரர் கைக்கு வருகிறது. அவருக்கு முதலில் வேண்டியது அட்டை. பல தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக, காகிதத்தின் இழையோட்டம் மாறி மாறி வரும்படி ஒட்டுவார்கள். ஒரே திசையில் ஒட்டினால் ஈரம் காயும்போது அட்டை வளைந்துவிடும். அதன் மேல் எழுத்துத் தாளை ஒட்டி, சுற்றிலும் ஓரத் தாள். சேலைக்குக் கரை எப்படியோ அப்படித்தான் பக்கத்துக்கு அந்த ஓரம்: உடலோடு ஒத்துப்போக வேண்டும், உடலை விழுங்கிவிடக் கூடாது. பிறகு எழுத்துத் தாளும் ஓரத் தாளும் சேருகிற இடத்தில் தங்கத்தில் ஒரு கோடு, அதை அணைத்து மெல்லிய கறுப்பு, சிவப்பு அல்லது நீலக் கோடுகள். பார்ப்பவருக்கு அது அலங்காரம். உண்மையில் ஒட்டு அந்தத் தங்கக் கோட்டுக்குக் கீழேதான் ஒளிந்திருக்கிறது. உயர்ந்த தெளிவில் எடுத்த படம் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள், சில இடங்களில் கோடு லேசாக மேடு ஏறி இறங்குவது தெரியும், அங்கே இரண்டு காகிதங்கள் சந்திக்கின்றன.

தங்கவேலை செய்பவர்கள் தனி ஆட்கள். தங்க ரேக்கைப் பிசினோடு பீங்கான் தட்டில் விரலால் அரைத்துப் பொடியாக்கி, கழுவி, வண்ணம் மாதிரித் தூரிகையில் எடுப்பார்கள். காய்ந்ததும் கல்லால் தேய்த்தால் பளபளக்கும், தேய்க்காமல் விட்டால் மங்கலாக நிற்கும். ஒரே தங்கத்தில் இரண்டு நிறம் வருவது இப்படித்தான். 16-ஆம் நூற்றாண்டில் சுல்தான் சுலைமான் காலத்து அரண்மனைப் பட்டறையில் கராமெமி என்பவர் டூலிப், ரோஜா, கார்னேஷன், ஹையசிந்த் பூக்களைத் தோட்டத்தில் பார்த்த மாதிரியே பக்கத்துக்குள் கொண்டுவந்தார். அதற்கு முன் இருந்தது பெரும்பாலும் கற்பனைக் கொடிகளும் சீனத்து வழியில் வந்த பூக்களும். கராமெமியின் பூக்கள் பிறகு ஓடு, துணி என்று எல்லா இடத்துக்கும் போயின.

வெளி ஓரத்துக்கு அதிகம் பயன்பட்டது எப்ரு, முதலில் சொன்ன அந்த மேகம் மேகமான வண்ணக் காகிதம். தொட்டியில் கித்ரே என்ற பிசினைக் கரைத்த கெட்டித் தண்ணீர், அதன் மேல் மாட்டுப் பித்தநீர் கலந்த வண்ணங்களைக் குதிரைமயிர்த் தூரிகையால் தெளிப்பார்கள். பித்தநீர்தான் வண்ணம் மூழ்காமல் மேலே பரவ வைக்கிறது. பரவிய வண்ணத்தின் மேல் காகிதத்தை ஒரு தடவை படுக்கவைத்து எடுத்தால் அப்படியே பதிந்துவிடும், இரண்டாவது தடவை அதே உருவம் வராது. 1773-இல் இறந்த ஹாதிப் மெஹ்மெத் எபெந்தி, இஸ்தான்புலின் ஆயாசோபியா பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகையின் சொற்பொழிவான ஜும்ஆ குத்பா ஓதியவர், வண்ணத்துக்குள் வண்ணம் விட்டு ஊசியால் இழுத்து நட்சத்திரமும் இதயமும் போன்ற உருவங்களைக் கொண்டுவந்தார். இன்றும் அந்த வகைக்கு அவர் பெயர்தான்.

இந்த உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கராலமா பக்கங்கள். கை பழக்குவதற்கான தாள்கள். நல்ல காகிதம் விலை உயர்ந்தது, அதனால் ஒரே தாளில் இடமில்லாமல் போகும்வரை எழுதுவார்கள், பிறகு தலைகீழாகத் திருப்பி மேலேயே எழுதுவார்கள். ஒரே எழுத்து இருபது தடவை வரும், ஒரு வார்த்தையின் பாதி இன்னொன்றின் மேல் ஏறி நிற்கும், வாசித்து அர்த்தம் எடுக்க எதுவும் இருக்காது. இதைத் தூக்கிப் போடவில்லை. பின்னால் வந்தவர்கள் அந்தத் தாளை எடுத்து, எழுத்துகளுக்கு நடுவே கிடைத்த சின்னச் சின்ன இடைவெளிகளில் தங்கப் புள்ளிகளும் பூக்களும் வைத்து, ஓரம் கட்டி, அட்டையில் ஏற்றி ஆல்பத்தில் வைத்தார்கள். புனிதச் சொல்லுக்காகத்தான் இந்தக் கலையை மதித்தார்கள் என்று பொதுவாக எழுதுவதுண்டு. அந்த மதிப்பு பெரியது, மறுக்கவில்லை. ஆனால் கராலமா பக்கங்கள் இன்னொன்றையும் சொல்கின்றன. சொல் எதுவும் இல்லாதபோதும் அந்தக் கையின் அசைவை மட்டும் தங்கத்தில் பதித்து வைக்கிற ரசனை அவர்களுக்கு இருந்தது.

ஆல்பம் பள்ளிக்கூடமாகவும் இருந்தது. மாணவன் முதலில் எழுதுவது எழுத்தல்ல, "இறைவா, எளிதாக்கு, கடினமாக்காதே, நல்லபடி முடித்துத் தா" என்ற பொருள் வரும் ஒரு பிரார்த்தனை வரி. அது சரியாக வரும்வரை மாதங்கள் போகலாம். பிறகு தனி எழுத்துகள், அப்புறம் இரண்டிரண்டாகச் சேர்ந்த எழுத்துகள், கடைசியில் வாக்கியங்கள். ஆசான் எழுதித் தந்த மாதிரியைப் பார்த்து மாணவன் எழுதி வருவான், ஆசான் தவறிய எழுத்துக்குக் கீழே தான் ஒரு தடவை எழுதிக் காட்டுவார், எவ்வளவு நீளம், எவ்வளவு சரிவு என்பதைப் பேனா நுனியால் வைத்த சதுரப் புள்ளிகளால் அளந்து காட்டுவார். இந்த மாதிரிப் பாடங்கள் மெஷ்க். அவற்றை வரிசையாகச் சேர்த்துக் கட்டினால் அது மெஷ்க் முரக்கா, ஆசான் இல்லாத இடத்திலும் பாடம் நடக்கும். படிப்பு முடிந்ததும் மாணவன் பழைய பெரிய ஆசான் ஒருவரின் கித்ஆவை அப்படியே பார்த்து எழுதுவான். அது தேறினால் அடியில் ஆசான், "இனி இவர் தன் எழுத்துக்குக் கீழே கையொப்பமிடலாம்" என்று தன் கையால் இஜாஸத் எழுதிக் கொடுப்பார். அதுவரை கையொப்பம் கூடாது. அந்த அனுமதியும் கித்ஆவின் கீழ்க் கட்டங்களில்தான் வருகிறது. பட்டமும் கலைப்படைப்பும் ஒரே தாள்.

இந்த முறையில் வந்தவர்களில் ஹாபிஸ் உஸ்மான் (1642-1698) முதல் வரிசையில் நிற்பவர். அவரும் ஹம்துல்லாஹ் எழுதியவற்றைப் பல காலம் அப்படியே பார்த்து எழுதியே தன் எழுத்துக்கு வந்தார், அதை இன்னும் சுத்தமாக்கினார். நபியவர்களின் தோற்றத்தையும் குணத்தையும் சொற்களால் விவரிக்கும் ஹில்யே என்ற பக்கத்துக்கு நடுவில் வட்டம், நான்கு மூலைகளில் நான்கு கலீபாக்களின் பெயர்கள் என்ற அமைப்பை நிலைநிறுத்தியவர் அவரே. சுல்தான் இரண்டாம் முஸ்தபா அவருடைய மாணவர். மைக்கூட்டைப் பிடித்தபடி சுல்தான், "இன்னொரு ஹாபிஸ் உஸ்மான் வரப்போவதில்லை" என்றாராம். "ஆசானுக்கு மைக்கூடு பிடிக்கிற சுல்தான்கள் இருந்தால் நிறைய ஹாபிஸ் உஸ்மான்கள் வருவார்கள்" என்றாராம் அவர். நடந்ததோ இல்லையோ, இந்தக் கதையை எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள்.

சுல்தான் மூன்றாம் அஹ்மதும் ஹாபிஸ் உஸ்மானிடம் கற்றவர்தான், அவர் சும்மா ஆதரவாளராக நிற்கவில்லை. நபிமொழிகளை சுல்தானின் முத்திரையான துக்ராவின் உருவத்தில் எழுதி, தன் கையாலேயே ஒரு ஆல்பம் செய்தார். தோப்காப்பி வாசலுக்கு வெளியே 1728-இல் அவர் கட்டிய நீரூற்றில் பொறித்த கவிதையிலும் அவர் பங்கு உண்டு. பெண்களும் எழுதினார்கள். மஹ்மூத் ஜெலாலுத்தீனின் மாணவியாக இருந்து அவரையே மணந்த எஸ்மா இப்ரெத் 1780-இல் பிறந்தவர், 1795-இல் அவர் எழுதிய ஹில்யே நமக்குக் கிடைத்திருக்கிறது. பதினைந்து வயதுக் கை.

1829 முதல் 1887 வரை வாழ்ந்த ஷெவ்கி எபெந்தியைப் பற்றி ஒரு செய்தி. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொந்த மாமா ஹுலூஸி எபெந்தி. எனக்குத் தெரிந்ததெல்லாம் கொடுத்துவிட்டேன், இனி காஸஸ்கர் முஸ்தபா இஸ்ஸத்திடம் போ என்றாராம். அவர் அப்போது ஊரே கொண்டாடிய பெரிய ஆசான். எனக்கு வேறு ஆசான் வேண்டாம் என்று ஷெவ்கி மறுத்துவிட்டார். போயிருந்தால் அங்கே இன்னொரு கிளையாக முடிந்திருப்பார், போகாததால் தனி வழி பிறந்தது. அவர் எழுதிய மெஷ்க் ஆல்பம் அச்சில் வந்து, துலுத்தும் நஸ்கும் கற்கிறவர்களுக்கு இன்று வரை பாடப் புத்தகம்.

19-ஆம் நூற்றாண்டில் கவனம் மடியிலிருந்து சுவருக்குப் போனது. முஸ்தபா ராகிம் (1758-1826) பெரிய துலுத்தின் அளவுகளைச் சரிசெய்தார். சின்ன அளவில் அழகாக இருக்கிற எழுத்தை அப்படியே பெரிதாக்கினால், அண்ணாந்து பார்க்கும்போது அவலட்சணமாகத் தெரியும். அவர் கட்டங்கள் போட்டுப் பெரிதாக்கி, கண்ணுக்கு ஏற்பத் திருத்தினார். பின்னால் சாமி எபெந்தி (1838-1912) கறுப்புக் காகிதத்தில் அரிதாரத்தின் மஞ்சள் மையால் எழுதி, திருத்தித் திருத்தி, விளிம்பில் ஊசியால் துளையிட்டு, அந்தத் துளைகள் வழியாகப் பொடி தட்டி வேண்டிய இடத்துக்கு எழுத்தை மாற்றுகிற முறையில் உச்சம் தொட்டார். ஆயாசோபியாவில் தொங்குகிற பச்சைப் பின்னணித் தங்க எழுத்து வட்டங்கள் காஸஸ்கர் முஸ்தபா இஸ்ஸத் எழுதியவை, ஒவ்வொன்றும் 7.5 மீட்டர் விட்டம். 1930-களில் கட்டடம் அருங்காட்சியகமானபோது இறக்கினார்கள், வாசலில் நுழையவில்லை, உள்ளேயே கிடந்து 1949-இல் மறுபடி ஏறின. சுவர் எழுத்தின் பெருமை எனக்கும் புரிகிறது, ஆனாலும் கையில் ஏந்துகிற பக்கத்தில் கிடைக்கிற நெருக்கம் அதில் இல்லை.

1928 நவம்பர் 1-இல் துருக்கி லத்தீன் எழுத்துக்கு மாறும் சட்டம் நிறைவேறியது. அடுத்த சில மாதங்களில் பத்திரிகை, பலகை, பள்ளிப் புத்தகம் எல்லாம் மாறின. எழுத்தர்களைப் பயிற்றுவிக்க 1914-15 வாக்கில் தொடங்கிய பள்ளிக்கு அர்த்தமே இல்லாமல் போனது. தலைமுறைகளாகச் சேர்த்த திறமை ஒரே சட்டத்தில் வேலையிழந்ததை வெறும் நிர்வாக மாற்றமாக எழுதிக் கடந்துவிட எனக்கு மனம் வருவதில்லை. சீர்திருத்தத்துக்கு அதன் காரணங்கள் இருந்தன, எழுத்தறிவு பரவியது, அதுவும் உண்மை.

அதற்குப் பிறகு கலை சில ஆட்களின் கையில்தான் உயிரோடு இருந்தது. தியார்பகிரில் பிறந்த ஹாமித் அய்தாச் (1891-1982) இஸ்தான்புலில் அச்சுக்கூட வேலை, முகவரி அட்டை என்று பிழைப்பை நடத்திக்கொண்டே கடைசிவரை எழுதினார், ஷிஷ்லி பள்ளிவாசலின் எழுத்துகள் அவருடையவை. அவரிடம் இஜாஸத் வாங்கிய ஹசன் செலெபி வழியாக அது வெளிநாடுகளுக்கும் போனது. 2001-இல் அமெரிக்க அஞ்சல் துறை வெளியிட்ட பெருநாள் தபால்தலையை எழுதிய முஹம்மது ஸகரியா இந்தச் சங்கிலியில் வந்தவர். நெஜ்முத்தீன் ஒக்யாய் (1883-1976) எழுத்து, எப்ரு, வில், ரோஜா வளர்ப்பு எல்லாவற்றிலும் கை வைத்தவர். எப்ருத் தண்ணீரில் டூலிப்பும் கார்னேஷனும் மலர வைத்தது அவர்தான், அவரே பழைய ஆல்பங்களைத் தேடித் தேடிச் சேர்த்து, கையொப்பமில்லாத பக்கம் யார் எழுதியது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர். தங்கவேலையை மருத்துவரான சுஹெய்ல் உன்வெர் பழைய பக்கங்களிலிருந்து பார்த்துப் பார்த்து வரைந்தே மாணவர்களுக்குத் திரும்பக் கொடுத்தார். இவர்கள் எல்லோருக்கும் பாடமாக நின்றது அந்த அட்டைகள். ஆசான்கள் மறைந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு எழுத்தின் சரிவு எத்தனை புள்ளி என்பதற்கு ஆதாரம் அங்கேதான் இருந்தது. எப்ரு 2014-இலும், துருக்கியின் வனப்பெழுத்து 2021-இலும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின.

ஆல்பங்களுக்கு வந்த ஆபத்து வேறு விதமானது. முழு ஆல்பத்தை விற்பதைவிடப் பக்கங்களைப் பிரித்துத் தனித்தனியாக விற்றால் பணம் அதிகம், அதனால் பல ஆல்பங்கள் சந்தையில் சிதறின. வாக்கியம் பாதியில் நிற்கிற பக்கங்கள் வரவேற்பறைச் சட்டங்களில் போய் உட்கார்ந்துவிட்டன, அடுத்த பக்கம் எங்கே என்று கேட்க ஆளில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இஸ்தான்புலில் பிரஷ்யத் தூதராக இருந்த ஹைன்ரிஷ் ஃப்ரீட்ரிஷ் ஃபான் டீட்ஸ் வாங்கிச் சென்ற துண்டுகள் அவர் 1817-இல் இறந்த பிறகு பெர்லின் நூலகத்துக்குப் போயின. அவற்றில் பல, தோப்காப்பியில் இன்றும் இருக்கிற பழைய ஆல்பங்களிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டவை. இப்போது ஆய்வாளர்கள் இரண்டு நகரங்களின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தத் துண்டு எந்தத் தாளில் எந்த மூலையில் இருந்திருக்கும் என்று வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். ஓவியத்தைவிட அதில் அவர்களுக்கு உதவுவது வெட்டின விளிம்பும், பசைத் தடமும், ஓரக் கோட்டின் நிறமும்.